முழங்கை நீளம்

“அண்ணே, நீங்க கொஞ்சம் அங்கிட்டு உக்காருங்க. நான் அவங்க முகத்தப் பாக்கணும்” என்றார் மனநல ஆலோசகர் மோகனப்ரியா. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன். புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எல்லோரும் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுபவர் என் தங்கையின் வயதை என்னிடம் கேட்டார். அவள் சாப்பிட்டாளா என்று நர்ஸும் என்னிடமே கேட்டார். அன்புச்செல்வி நான் கொண்டுவந்த பை மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான்.

அன்புச்செல்விக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நானோ ஆலங்குடிப் பக்கம் மைக் கட்டிய ஆட்டோவில் விளம்பரம் சொல்லிக்கொண்டு போகிறவன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, திருவிழா, சாவு அறிவிப்பு எல்லாம் என் குரலில்தான். சாவுக்குக் குரல் அருமையாக இறங்குகிறது என்று துக்க வீட்டுக்காரர்களே பாராட்டியிருக்கிறார்கள். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் தொண்டை எனக்கு. கடவுள் என் தங்கையை மட்டும் அதிலிருந்து காப்பாற்றிவிட்டார் என்று நானே சொல்லிச் சிரிப்பதுண்டு.

தை மாதம் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை இறந்து பிறந்தது. பெற்றவள் பார்த்தால் மனதில் பதிந்துவிடும், அடுத்தது தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்து வேலியோரம், ஒரு முந்திரி மரத்தடியில் வைத்தோம். அந்தச் சாவுக்கு மட்டும் மைக் இல்லை.

அன்றிலிருந்து அவள் கை பேசவில்லை. அவள் அழவும் இல்லை. கத்தாரிலிருந்து மச்சான் பிராங்க்ளின் வீடியோவில் கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ கேட்பார்; அவள் போனைக் குப்புறப் போட்டுவிட்டு எழுந்து போவாள். வட்டிலில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். போன வாரம் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இன்னாசியம்மாள் ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள். அப்படியும் மறுநாள் அம்மாவுக்குத் தயக்கம்தான்.

“மனசு டாக்டர்ட்ட போனா ஊரு பைத்தியம்னு பேரு வச்சிரும்டா.”

“ஏற்கெனவே ஊமச்சின்னு வச்சிருக்கும்மா. இன்னொரு பேருக்கு எடமில்ல.”

அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மோகனப்ரியா சைகை மொழி படித்தவர். டிவி செய்தியில் மூலையில் நிற்பவரைப் போல அவர் விரல்கள் அழகாக ஓடின. என் தங்கை அதைக் கோயில் விழாவில் நாட்டியம் பார்ப்பவள் மாதிரி மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ பள்ளிக்கூடமே போனதில்லங்க. எங்க வீட்டுச் சைகதான் தெரியும்” என்றேன். “வாய்க்கு முன்னாடி கைய குவிச்சா நானு. ஏரோப்ளேன் பறந்தா மச்சான். வேணுமின்னா கோழி, காய்ச்சல், கரண்ட் பில்லு எல்லாம் காட்டுவேன்.”

அவர் சிரித்தார். “எனக்கும் கத்துக்குடுங்க. நானும் அதையே பேசுறேன். இன்னைக்கு மட்டும் நீங்க கேளுங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க. மனசு எப்படி இருக்குன்னு கேட்டாப் போதும்.”

கையைத் தூக்கினேன். அது பாதியில் நின்றது. எங்கள் வீட்டில் மனசுக்குச் சைகை இல்லை. கரண்ட் பில்லுக்கு இருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலும். ஆலோசகர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அழுத்தி, முகத்தைச் சுருக்கி அவளைப் பார்த்தேன்.

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அன்புச்செல்வி என்மேல் பாய்ந்திருந்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. முந்தானையால் விசிறினாள். ஆலோசகரின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அப்பா சூசைராஜ் கடைசியாக நெஞ்சை அப்படித்தான் பிடித்தார். அப்போது வீட்டில் இருந்தது அவள் மட்டும்தான். அவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கைக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்.

“எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று கையை விரித்து விரித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். துடிப்பு ஒழுங்காக இருப்பது தெரிந்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு என் காலடியில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“விடுங்கண்ணே. அழட்டும்” என்றார் மோகனப்ரியா. அவரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அவள் கை அசைந்தது. வாய்க்கு முன்னால் குவிந்தது: நீ. இரண்டு கைகளும் எதையோ ஏந்தின. பிறகு விரலால் தன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். மூக்கைத் தொட்டாள். ஏரோப்ளேன் பறந்தது. கைகளை விரித்து என்னைப் பார்த்தாள்.

“என்ன கேக்குறாங்க?”

“பிள்ளை யாரு ஜாடைன்னு கேக்குறா.”

“எனக்குச் சொல்லாதீங்கண்ணே. அவங்களுக்குச் சொல்லுங்க.”

நானும் தரையில் இறங்கினேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் துண்டை விலக்கிப் பார்த்திருந்தேன். மூக்கு மச்சானுடையது, ஏரோப்ளேனைப் பறக்கவிட்டேன். அவள் மோவாயில் இருக்கும் சின்னக் குழியைத் தொட்டேன். என் வழுக்கையைத் தடவிக் காட்டி, இல்லை என்று தலையாட்டி, அவள் தலைமுடியைக் கை நிறைய அள்ளிக் காட்டினேன். அழுகைக்கு நடுவில் அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

இரண்டு உள்ளங்கைகளையும் அகட்டிக் காட்டினாள். இவ்வளவா? அவற்றைப் பிடித்துக் கொஞ்சம் நெருக்கினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள். இடது கையை மடக்கி அவள் முன்னால் நீட்டினேன்.

முழங்கை மடிப்பில் ஒரு விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தாள். தலை இங்கேயா? ஆமாம் என்றேன். அங்கிருந்து அந்த விரல் மெல்ல மெல்ல நகர்ந்து மணிக்கட்டு எலும்பில் வந்து நின்றது. அதற்குமேல் போகவில்லை. அவள் முந்தானையை இழுத்து என் வெறுங்கையைப் போர்த்தினாள். ஓரங்களை உள்ளே செருகினாள். கை மரத்துப்போன பிறகும் நான் அதை அசைக்கவில்லை.