விதைக்கு விட்ட செடி

சிஞ்சனா தன்னோடு ஒரு தடவையாவது சண்டை போடமாட்டாளா என்று தேஜாவதி ஏங்கிக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. விருபாட்சனைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அவனுடைய மூத்த பெண் சிஞ்சனாவுக்கு ஒன்பது வயது. இந்த நாலு மாதத்தில் அவள் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. தட்டில் வைத்ததை மிச்சம் வைத்ததில்லை. அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்ததில்லை. "உனக்கென்னம்மா, தங்கமான பொண்ணு கிடைச்சிருக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

தங்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் தேஜாவதி பத்து வருஷமாக மருந்துக்கடையில் நின்று மனுஷ முகங்களைப் பார்க்கிறவள். அந்தப் பெண் இவளை வீட்டில் என்னவாக வைத்திருக்கிறாள் என்று ஒரே வாரத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. விருந்தாளியாக வைத்திருக்கிறாள். வந்த விருந்தாளியிடம் யாராவது 'குழம்பில் உப்பு போதவில்லை' என்று சொல்வார்களா? இன்று இருப்பார்கள், நாளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள், அதுவரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால் போதாதா?

தம்பி சுஹாஸ் அப்படியில்லை. அவனைப் பெற்றவள் காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஒரு வயது, ஒன்றும் ஞாபகமில்லை. அப்புறம் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அத்தை, விருபாட்சனின் அக்கா, போன வருஷம் தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள். தேஜாவதி வந்த மறுநாளே "சிக்கம்மா" என்று சித்தி முறை சொல்லி மடியில் ஏறிக்கொண்டான். மூன்றாம் நாள் ரிமோட்டுக்காக அவள் கையைக் கடித்தான். சிஞ்சனாவோ அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரில் வந்து நிற்பாள். தேஜாவதி நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நிற்பாள்.

சங்கராந்திக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விருபாட்சனுக்கு வேலை வந்துவிட்டது. மெட்ரோ ரயில் ஓட்டுகிறவனுக்கு ஞாயிறு ஏது, பண்டிகை ஏது? "தோட்டத்துக்கு நீயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. பசங்க வாராவாரம் போய்ப் பழகிடுச்சு" என்றான். தேஜாவதி அங்கே போனதேயில்லை. அவளுக்கு ஞாயிறு காலையில் கடை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டி ஹொம்பாளம்மாவின் இரண்டு ஏக்கர் இருந்தது. மூன்று பக்கமும் இருபது மாடிக் கட்டடங்கள் நின்று எட்டிப் பார்த்தன. அந்த அம்மாள் நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்துப் பட்டணத்துக்காரர்களிடம் விட்டிருந்தாள். அவர்கள் வந்து விதைப்பார்கள், அவள் தண்ணீர் கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிள்ளைகளோடு வந்து செடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். கத்தரிக்காய் பறிக்கிறதற்குத் தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வரும் குடும்பங்களும் உண்டு.

அன்றைக்கு அப்படி ஒரு தகப்பன் தன் பையனைத் தரையில் விடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா, இந்த மண்ணு சுத்தமானதுதானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா, உள்ள கொஞ்சம் மண்ணு கலந்திருக்கும்" என்றாள் ஹொம்பாளம்மா. பிறகு தேஜாவதியைப் பார்த்தாள். மேலும் கீழும் நன்றாகவே பார்த்தாள். "ரயில்காரர் வரலியா? அப்ப நீதான் புதுசா வந்தவ. நல்லது. செருப்பை வரப்புலயே விட்டுட்டு இறங்கும்மா, செடிக்குக் கோவம் வரும்."

சிஞ்சனா தேஜாவதியின் எதிரில் வந்து நின்றாள். "நான் ஆட்டுக்குத் தழை போட்டுட்டு வரலாமா?" ஆபீஸில் லீவு லெட்டர் எழுதுவது மாதிரி இருந்தது குரல். "தாராளமா போயிட்டு வாடா கண்ணு" என்றாள் தேஜாவதி. அந்தப் பெண் ஹொம்பாளம்மாவோடு நடந்தாள். பத்தடி போனதும் அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என்னவோ வாயடிக்க ஆரம்பித்தாள். ஆடு மேய்க்கிற அம்மாளிடம் இவ்வளவு பேச்சா?

விருபாட்சன் எடுத்திருந்த பாத்தியில் பன்னிரண்டு அவரைச் செடி நின்றது. ஆகஸ்டில் தகப்பனும் பெண்ணுமாக விதைத்தது. தேஜாவதிக்கு ஒரு யோசனை வந்தது. ஊறவைத்து, தோலைப் பிதுக்கித் தள்ளி, பருப்பை மட்டும் எடுத்து வைக்கிற அவரைச் சாறு என்கிற குழம்பென்றால் சிஞ்சனாவுக்கு உயிர் என்று விருபாட்சன் ஒருதரம் சொல்லியிருந்தான். இன்றைக்கு அதைச் செய்து போட்டால் என்ன? ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்கமாட்டாளா? அந்த ஒரு கரண்டிக்காகத்தான் தேஜாவதி பையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

பெங்களூரில் பிறந்தவர்களுக்கு அவரைக்காயைக் கண்ணால் பார்த்து வாங்கத் தெரியாது. மூக்கால்தான் வாங்குவார்கள். பனிக்காலத்தில் காயின் மேல் பிசுபிசுவென்று ஓர் எண்ணெய் படியும், அதன் வாசனைதான் சொகடு. சொகடு இல்லாத அவரையை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டார்கள். சொகடு ஏறிய அவரையைக் கண்டால் சந்தையிலே மானம் மரியாதை பார்க்கமாட்டார்கள். தேஜாவதி சாமராஜபேட்டைக்காரி, அவளிடம் மட்டும் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஒவ்வொரு செடியாக முகர்ந்துகொண்டே போனாள். எல்லாம் சுமார்தான். கடைசிச் செடிக்குப் பக்கத்தில் போனதும் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அதன் தண்டில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. இப்படிக் காய்த்தால் திருஷ்டி படாதா, அதற்காகக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சுஹாஸ் ஒரு நத்தையோடு பேசிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் அந்தச் செடியில் ஒரு காய் மிச்சமில்லை. கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். இரண்டு நாளைக்குப் போகாது அந்த வாசனை.

நிமிர்ந்தால் சிஞ்சனா எதிரில் நின்றாள். செடியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

பின்னாலேயே வந்த ஹொம்பாளம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, விதைக்கு விட்டதையா மொட்டையடிச்சே. துணி கட்டியிருக்கே, கண்ணு தெரியல?"

"திருஷ்டிக்குன்னு நெனச்சேன்" என்றாள் தேஜாவதி.

"நல்லா நெனச்சே போ. எந்தச் செடிக்கு வாசம் ஜாஸ்தியோ அதைத்தான் விதைக்கு விடறது. காய் அதுலயே காஞ்சு, ஆட்டினா கலகலன்னு சத்தம் கேக்கற வரைக்கும் தொடக் கூடாது. இந்தப் பொண்ணு பூ விட்ட நாள்லேருந்து ஒவ்வொரு ஞாயிறும் பன்னண்டு செடியையும் மோந்து மோந்து பாத்து எடுத்துச்சு. துணி கட்டினதும் அதுதான்."

தேஜாவதி எந்தப் பெண்ணுக்காகப் பறித்தாளோ அந்தப் பெண்ணுடையதையே பறித்து வைத்திருக்கிறாள். "பரவாயில்ல. தெரியாமதானே பறிச்சீங்க" என்றாள் சிஞ்சனா. குனிந்து, கீழே சிந்தியிருந்த காய்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் தேஜாவதியின் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

அதைத்தான் தேஜாவதியால் தாங்க முடியவில்லை.

"அதைக் கீழ வை" என்றாள். "பரவாயில்லன்னு இன்னொரு தடவை சொன்னே, எனக்குக் கெட்ட கோவம் வரும். நீ பாத்துப் பாத்து எடுத்த செடி. நான் ஒட்ட வழிச்சிட்டேன். இது எப்படிப் பரவாயில்ல? திட்டு என்னை."

"பெரியவங்கள திட்டக் கூடாது."

"யார் சொன்னா?"

"அத்தை."

"அத்தை இங்க இல்லையே."

"ஆமா, இல்ல" என்றாள் சிஞ்சனா. பிறகு மடை உடைந்தது. "அவங்களும் இருக்கேன்னுதான் சொன்னாங்க. நான் ஏழாவது முடிக்கிற வரைக்கும் இருக்கேன்னாங்க. மூணாவதுலயே போயிட்டாங்க. நீங்களும் வந்ததுலேருந்து எல்லாத்தையும் இடம் மாத்தி மாத்தி வைக்கிறீங்க. நீங்க போனப்புறம் நாங்க தேடணும். என் பென்சில் டப்பா எங்க? டிபன்ல தினமும் அந்த ரவை உப்பிட்டு. எனக்கு உப்பிட்டே பிடிக்காது. தலை பின்றப்போ வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கறீங்க, சாயங்காலம் வரைக்கும் வலிக்குது. இது என் செடி. உங்கள யாரு தொடச் சொன்னாங்க? யாரு தொடச் சொன்னாங்க?"

கையிலிருந்த அவரைக்காய்களை வீசி எறிந்தாள். ஒன்று தேஜாவதியின் கண்ணாடியில் பட்டு விழுந்தது. தொப்பி போட்ட தகப்பன் பையனை இன்னும் மேலே தூக்கிக்கொண்டு நகர்ந்தான். ஹொம்பாளம்மா வரப்பில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து, தேர்த்திருவிழா பார்க்கிற மாதிரி வசதி பண்ணிக்கொண்டாள்.

தேஜாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. வருத்தம் பாதி, சந்தோஷம் பாதி என்று சொன்னால் அது பொய். முக்கால்வாசி சந்தோஷம்தான். நாலு மாதமாக அந்தப் பெண்ணுக்குத் தலை வலித்திருக்கிறது, உப்பிட்டு கசந்திருக்கிறது, பயமாக இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் ஆளைப் பார்த்துச் சொல்கிறது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "பென்சில் டப்பா பிரிட்ஜ் மேல இருக்கு."

"அங்க எதுக்கு வச்சீங்க?"

"உன் தம்பி பென்சிலைக் கடிக்கிறான்."

"அது எனக்கும் தெரியும். பிரிட்ஜ் மேல எனக்கு எட்டுமா?"

"எட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாளையிலேருந்து உப்பிட்டு கிடையாது. தலைக்கு எண்ணெய் வச்சுட்டுப் பின்றேன், இழுக்காது." அடுத்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. "போக மாட்டேன்னு சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். அத்தையும் இருக்கேன்னு சொல்லிட்டுதானே போனாங்க. உனக்கு நம்பிக்கை வராது. நீ பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இரு, போதும்."

சிஞ்சனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மொட்டைச் செடியைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? இன்னும் பாக்கி இருக்கா?" என்று எழுந்தாள் ஹொம்பாளம்மா. செடியின் நுனியை வளைத்துக் காட்டினாள். "இங்க பாருங்க ரெண்டு பேரும். நுனியில பூ நிக்குது. தண்ணி காட்டினா இன்னொரு ஈடு காய்க்கும். சிவராத்திரி கழிச்சு காஞ்ச நெத்து எடுக்கலாம். ஆனா இனிமே புழு விழுற காலம். வாராவாரம் யாராச்சும் வந்து கையால பொறுக்கணும். என்னால ஆகாது, எனக்கு ஆடு இருக்கு, உங்கள மாதிரி ஆளுங்க வேற இருக்காங்க."

சிஞ்சனா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தேஜாவதியை நோக்கி விரலை நீட்டினாள். "இவங்கதான் பொறுக்கணும்."

"ஐயோ, எனக்குப் புழுன்னாலே..."

"மொட்டையடிச்சது நீங்கதானே?"

தேஜாவதி உட்கார்ந்தாள். சிஞ்சனா பக்கத்தில் குந்தி, பூவுக்கு அடியில் பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள். தேஜாவதி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் எடுத்தாள். அது நெளிந்தது. அவள் உடம்பெல்லாம் கூசியது. "கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா பூ உதிர்ந்துடும். தொறந்து பாத்து எடுங்க" என்று அதட்டல் வந்தது. திறந்து பார்த்து எடுத்தாள். மூன்று புழு எடுத்தாயிற்று. சுஹாஸ் தனக்கு ஒன்று வேண்டுமென்று அழுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மூன்று பேருக்கும் ஒரே சீட்தான் கிடைத்தது. சிஞ்சனா ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். விருபாட்சனுக்கு அப்போதுதான் ஓய்வு நேரம், போன் பண்ணினான். "எப்படி இருந்துச்சு? சிஞ்சனா ஏதாவது பேசினாளா?"

"சண்டை போட்டா."

"ஐயையோ. அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லையே. போனை அவகிட்ட குடு, நான் பேசறேன்."

"ஒண்ணும் வேண்டாம். நீங்க போய் டீ குடிங்க. இது எங்க ரெண்டு பேர் சமாச்சாரம்" என்று வைத்துவிட்டாள்.

சிஞ்சனா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கிய பிறகு திரும்பினாள். அப்போதும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அதற்கு என்ன அவசரம்?

"விதை எடுத்தப்புறம், மழைக்கு நீங்கதான் விதைக்கணும். எவ்ளோ ஆழத்துல போடணும்னு நான் காட்டறேன்."

"சரி."

"அடுத்த சங்கராந்திக்கும் இதே மாதிரி மோந்துக்கிட்டே போய்ப் புடுங்கினீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

அடுத்த சங்கராந்தி. தேஜாவதி அந்த இரண்டு வார்த்தையையும் மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளை இவ்வளவு சந்தோஷமாக மிரட்டியதில்லை. "மாட்டேன். பயந்து நடந்துக்கறேன்" என்றாள்.

தூங்கிப்போன தம்பி சிஞ்சனா மேல் காலைப் போட்டிருந்தான். "இவனை உங்க பக்கம் இழுத்துக்குங்க, எனக்கு இடமே இல்ல" என்று எரிந்து விழுந்தாள். தேஜாவதி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.