முன்னால் இருந்த மூட்டை

திட்டக்குடி பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்த கனகாவுக்கு, தெருமுனை திரும்பும்போதே புருஷனின் குரல் கேட்டுவிட்டது.

"விஷம் வெச்சிட்டாருங்க! வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெச்சிட்டாரு!"

ஆட்டோ நிற்பதற்குள் குதித்தாள். தங்கச்சி மகளின் வளைகாப்புக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கியதற்கா இது?

எதிர் வீட்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் பழமலைநாதன் நின்றிருந்தார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். இந்தப் பக்கம் அவள் புருஷன் திலீபன், விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், பனியனோடு குதித்துக்கொண்டிருந்தான். நடுவில் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

"யாருக்குங்க விஷம்?"

"நம்ம பேசஞ்சருக்கு, கனகா!"

பேசஞ்சர் என்பது நாய். மூன்று வருஷத்துக்கு முன் பிளாட்பாரத்தில் குட்டியாகக் கிடந்ததைத் திலீபன் மடியில் கட்டிக்கொண்டு வந்தான். வெளியே கூட்டிப் போனால் பேசஞ்சர் ரயில் மாதிரி கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இருவரும் வீட்டுப் பின்பக்கம் ஓடினார்கள். தகரக் கொட்டகை நிழலில் அது படுத்திருந்தது. வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. கடைவாயில் எச்சில் நூலாக வடிந்தது. மூக்கைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. கனகாவைப் பார்த்து வாலை ஒருமுறை தூக்கிப் போட்டது. அவ்வளவுதான் முடிந்தது.

"பார்த்தியா, வாயெல்லாம் வெள்ளை!" திலீபன் நாயின் மூக்கைக் காட்டினான். "எலி மருந்து. புதன்கிழமை என்னா சொன்னாரு? 'இன்னொரு தடவை என் கேட்டு முன்னால அசிங்கம் பண்ணட்டும், வேற மாதிரி பார்த்துக்கறேன்'னாரு இல்ல? பார்த்துக்கிட்டாரு!"

"முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போடுவேன்னு சொன்னேன்டா!" தெருவிலிருந்து வாத்தியார் கத்தினார். "மூணு பக்கம் எழுதியும் வெச்சிருக்கேன், வந்து படிச்சுப் பாரு!"

"போலீஸுக்குப் போன் போடறேன்" என்று திலீபன் செல்லைத் தேடினான்.

கனகா நாயின் பக்கத்தில் குந்தினாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காலையில வெளிக்கிப் போச்சா?"

"எது?"

"நாயிதாங்க. வேற யாரைக் கேக்கப் போறேன்?"

"இன்னிக்குக் கூட்டிக்கிட்டுப் போகல."

"சரி, நேத்து?"

"நேத்துக் காலையில கூட்டிக்கிட்டுப் போனேன். அப்ப டியூட்டி மாத்தறதுக்கு ஒரு போன் வந்துச்சா... பேசிக்கிட்டே நடந்தேன். போயிருக்கும்."

போயிருக்கும். கனகா பல்லைக் கடித்தாள்.

வாட்ஸப் ஸ்டேட்டஸில் நாயைக் கட்டிக்கொண்டு சிரிப்பவன் திலீபன். காலை ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் பழைய பேப்பரும் கொத்துக்கரண்டியுமாகப் பின்னால் போகிறவள் அவள். அள்ளுகிறவளுக்குத்தான் தெரியும். எலும்பு தின்றால் எப்படி, பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் எப்படி, பூச்சி விழுந்தால் எப்படி. 'கொஞ்சறது நீங்க, அள்ளறது நானா?' என்று மூன்று வருஷமாக அவள் திட்டாத நாள் கிடையாது. ஊருக்குப் போகுமுன் ஒரு பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் போனாள்.

"நேத்து ராத்திரிக்கு என்னா குடுத்தீங்க?"

"ராத்திரிக்கா?"

"எழுதி வெச்சேன் இல்ல? உப்பு, காரம் இல்லாத சோறு, ஒரு முட்டைன்னு?"

"ஞாயித்துக்கிழமையா இருக்குதேன்னு கோழி எடுத்தேன். அதுக்கு நான் குடுக்கல. நெஜமாக் குடுக்கல. கிண்ணத்தோட தூக்கிக்கிட்டு வரும்போது இங்கதான் கொட்டிடுச்சு. நீ எழுதின மாதிரியே மாவை அள்ளிப் போட்டேன். நாலு கை. அப்புறம் கேட்டுல யாரோ கூப்பிட்டாங்க, போய்ப் பேசிட்டு வந்து பார்த்தா, தரை சுத்தம்! ஒரு துளி குழம்பு இல்லை. நம்ம மாவு எப்படி இழுத்துக்கிச்சு பாருன்னு நானே அசந்துட்டேன்."

கனகா நிமிர்ந்தாள்.

அவளுக்குத் தொழில் அச்சு போடுவது. பீங்கான் பொம்மைப் பட்டறைகளுக்கு வேண்டிய அச்சுகளை இந்தக் கொட்டகையில்தான் பிளாஸ்டரில் வார்ப்பாள். பட்டறையில் வீணாகும் காய்ந்த களிமண்ணை ஒரு மூட்டை வாங்கிப் பொடித்து வைத்திருந்தாள்; அதற்கு வீட்டில் 'மாவு' என்று பேர். நாய் எங்கே ஈரம் பண்ணினாலும் அதில் ஒரு கை. ஐந்து நிமிஷத்தில் உறிஞ்சிக்கொள்ளும், வாரிக் கொட்டினால் வேலை முடிந்தது. இரண்டு கை வாய்க்குள் போனால்கூட மறுநாள் வந்துவிடும்.

"சனிக்கிழமை நான் போனப்புறம் பிளாஸ்டர் மூட்டை வந்துச்சா?"

"வந்துச்சே. நான்தான் இறக்கி வெச்சேன்."

"எங்க?"

"முன்னாலதான். உனக்கு எடுக்க வசதியா இருக்கட்டுமேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவனின் வாய் பாதியில் நின்றது. கொட்டகைக்குள் இரண்டு மூட்டைகள். இரண்டும் வெள்ளைச் சாக்கு. முன்னால் இருந்ததன் வாய் பிரிந்திருந்தது.

கனகா குனிந்து தரையைத் துழாவினாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கை தட்டுப்பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பத்தை. நகத்தால் தட்டினாள். டக். ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. நடுவில் ஒரு கோழி எலும்புத் துணுக்கு. அதற்குப் பக்கத்தில் நாலு விரலும் நகமுமாக, அச்சில் எடுத்ததுபோல் பேசஞ்சரின் முன்கால்.

"அப்புறம் தரையைக் கையால தொட்டுப் பார்த்தீங்களா?"

"தொட்டேன். கதகதன்னு இருந்துச்சு. குழம்புச் சூடுன்னு நெனச்சேன்."

"பிளாஸ்டர் இறுகும்போது சுடுங்க. இது விஷம் இல்லை. நம்ம வூட்டு மூட்டை" என்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள் கனகா.

தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்தார்கள். பழமலைநாதன் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். கொஞ்சம் பலமாகவே சாத்தினார்.

கனகா தரையிலிருந்து பத்தையைப் பெயர்த்துப் பேப்பரில் சுற்றிக்கொண்டாள். அதே ஆட்டோ. திலீபன் மடியில் நாய்.

கால்நடை டாக்டர் ஸ்ரீப்ரியா விஷ முறிவுக்கு ஊசியை எடுத்து வைத்திருந்தார். திலீபன் காலையிலேயே போனில் 'எலி மருந்து' என்று அடித்துச் சொல்லியிருந்தான். கனகா பேப்பரைப் பிரித்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அந்தக் கால் தடத்தைப் பார்த்தார், திலீபனைப் பார்த்தார், ஊசியைத் திரும்ப வைத்தார்.

"இதைக் கொண்டாந்தீங்களே, நல்லதாப் போச்சு. இல்லைன்னா நான் வேற வைத்தியம் பண்ணிட்டிருப்பேன்."

வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே கட்டியாகக் கைக்கு அகப்பட்டது. குளூக்கோஸ் ஏற்றினார். எண்ணெய் மாதிரி ஒரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பின்பக்கமாகவும் கொடுத்தார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் பார்க்கலாம். வெளிய வந்துட்டா பிழைச்சுது. வரலைன்னா புதுச்சேரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, வயித்தைத் திறக்கணும். இந்த உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. வந்ததுன்னா என்ன வந்ததுன்னு பார்த்துச் சொல்லுங்க."

"நான் பார்க்கறேன் மேடம்" என்றான் திலீபன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் தானாக எடுத்துக்கொண்ட முதல் வீட்டு வேலை அதுதான்.

மறுநாள் காலை ஆறு மணி. பேசஞ்சர் தள்ளாடி எழுந்தது. சங்கிலி திலீபன் கையில், பேப்பரும் கொத்துக்கரண்டியும் அவனுடைய இன்னொரு கையில். செல் வீட்டில். கனகா பத்தடி பின்னால்.

முதல் கம்பம். முகர்ந்தது, நகர்ந்தது. இரண்டாவது கம்பம். நின்றது. காலைத் தூக்கி நனைத்தது. வேறொன்றும் இல்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். திலீபனின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"புதுச்சேரிக்கு வண்டி சொல்லிடட்டுமா, கனகா?"

"இருங்க."

பேசஞ்சர் தெருவைக் குறுக்கே கடந்தது. ஒரு சுற்று சுற்றியது. முதுகை வளைத்தது. பழமலைநாதன் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே, சிமெண்ட் சரிவில்.

திலீபன் பதறிச் சங்கிலியை இழுக்கப் போனான்.

"இழுத்தீங்க, நடக்கறதே வேற!" என்றாள் கனகா.

அந்த நேரம் பார்த்துத்தானா கேட் திறக்க வேண்டும்? பால் பாத்திரத்தோடு வாத்தியார். அவர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தபடியே முக்கியது.

டக்.

சிமெண்டில் கல் விழுந்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. அதற்குப் பின்னால் எண்ணெயும் மற்றதுமாக, தாராளமாக.

பேசஞ்சர் பின்னங்கால்களால் இரண்டு தடவை சிமெண்டைப் பிறாண்டிவிட்டு வாலை ஆட்டியது.

திலீபன் அப்படியே மண்டி போட்டான். கொத்துக்கரண்டியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். மூன்றும் வெள்ளை. கண்ணைத் துடைக்கப் போய், கையில் இருப்பது என்னவென்று பார்த்துத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"மூணு கனகா! மூணு வந்துடுச்சு!"

"மூணு சரி" என்றார் பழமலைநாதன். "நானும் எண்ணினேன்."

"சார், நேத்து நான் அத்தனை பேர் முன்னால உங்களை..."

"முதல்ல அள்ளுப்பா. மன்னிப்பெல்லாம் அப்புறம்."

திலீபன் அள்ளினான். பேப்பரை மடிப்பது எப்படியென்று தெரியாமல் இரண்டு தடவை தடுமாறினான். கனகா கிட்டே வரவில்லை. எதிர்வாடையில் நின்று நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். வயிறு இளகியிருந்தது.

அள்ளி முடித்தும் தரையில் ஈரம் மிச்சம் இருந்தது. திலீபன் எழுந்தான். "ஒரு நிமிஷம் சார், இதுல போடறதுக்கு வூட்ல..."

"டேய்!" என்று அலறினார் வாத்தியார். "ஒண்ணும் போடாதே! தண்ணி நானே தரேன்."