முன்மொழிய ஆளில்லாத வேட்பாளர்

"அடுத்த தடவை நீ நில்லு. நானே எந்திரிச்சு உன் பேரைச் சொல்றேன்."

"நிஜமாவா?"

"பின்னே, பொய்யா சொல்றேன்? ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

பஸ் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தது. நூலக ஊழியர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குக் கணவர் முதன்முதலாகத் தேர்வான நாள் அது. திரும்பும் வழியெல்லாம், தான் குழுவில் இருந்தால் என்னென்ன கேட்பாள் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இறங்கும் இடம் வரும்போதுதான் அந்த வாக்கைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்து போயின. ஒரு தடவை மகள் கைக்குழந்தை. இன்னொரு தடவை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மற்றொரு தடவை, சங்கத் தலைவர் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு என்று ஒரு வீம்பு. அவருக்கோ மறந்தே போயிற்று, அல்லது மறந்ததாக இருப்பது சௌகரியமாக இருந்தது.

சங்கத்தில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் அழைப்பார்கள். கிளை நூலகத்தைத் திறப்பவளும் பூட்டுபவளும் அவள்தான். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கிளையின் பின்சுவரும் தகரப் பட்டறையின் முன்சுவரும் ஒன்றே. அங்கே சுத்தியல் விழும்போதெல்லாம் இங்கே 'அமைதி காக்கவும்' என்ற பலகை ஆணியில் ஆடும். அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும் என்பதால், மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே நூலகர் என்ற பெயரும் அவளுக்கு வந்து சேர்ந்தது.

மாலையானால் சுத்தியல் ஓயும். அப்போதுதான் கிளை நிரம்பும். பட்டறைக்காரர்கள் கையைக் கழுவிவிட்டுப் பேப்பர் பார்க்க வருவார்கள். தையல் கடைப் பெண்கள் வார இதழ்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிப்பார்கள். பிரதான நூலகத்தில் வேலை முடிந்த கணவரும் அங்கே வந்துவிடுவார். ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் பூட்டிய கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்து, அவளோடு நடந்து வீடு வருவார். கல்யாணமான நாளிலிருந்து இது மாறவில்லை. அவர்மேல் எவ்வளவு கோபமிருந்தாலும் அந்த நடையில் பாதி கரைந்துவிடும்.

இந்த முறை கரையவில்லை.

கிளைகளை மாலை நான்கு மணிக்கே மூடிவிடலாம் என்று நிர்வாகக் குழு அரசுக்குக் கருத்துச் சொல்லிவிட்டது. மாலையில் வாசகர் வரத்து மிகக் குறைவாம். வீட்டுக்கு எடுத்துப் போகும் புத்தகத்தை வைத்துத்தான் வரத்தைக் கணக்கிடுவது அவர்கள் வழக்கம். மாலையில் வருகிறவர்கள் உட்கார்ந்து படிப்பார்களே தவிர எடுத்துப் போவதில்லை. கிளையில் வேலை பார்க்கும் ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார். இல்லை. நூலகத் துறை முடிவெடுக்குமுன் புதுக் குழு அமர்ந்துவிடும், கருத்தை மாற்றிச் சொல்லலாம் என்று தெரிந்ததும், அவள் யாரிடமும் சொல்லாமல் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சமையலறை வாசலில் கணவர் வந்து நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? தலைவர் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"தலைவர் சொல்லித்தானே உங்களுக்கு எல்லாமே தெரியுது. இதுல என்ன புதுசு?"

"எடக்காப் பேசாதே. காலியான ரெண்டு இடத்துக்கு ரெண்டே பேர்தான், போட்டியே இல்லாம முடிஞ்சிருக்கும். இப்ப உன்னால தேர்தலே வருது."

"சங்கத் தேர்தல்ல தேர்தல் வந்தா குத்தமா?"

கல்லூரிக்குக் கிளம்பிய மகள் நின்றவாக்கிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, பேசாம ஹால்ல ஒரு பெட்டி வச்சுடலாம். உங்க ஓட்டு எனக்குத் தெரியும், அம்மா ஓட்டும் தெரியும். முடிவை நானே அறிவிச்சுடறேன்."

"நீ வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"ரெண்டையும் எப்படிப்பா ஒண்ணாப் பண்றது?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைத் தணித்தாள். பிறகு, இத்தனை நாளாக நெஞ்சில் உறுத்தியதைக் கேட்டாள்.

"நாலு மணிக்கு மூடலாம்னு முடிவு பண்ணினப்போ நீங்களும் கையைத் தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்கம்மா."

"எல்லார் கையைப் பத்தியும் நான் கேக்கல."

மகள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

"சரி விடு. உன் பேரை யார் சொல்லப் போறாங்க?" என்றார் அவர். "நான் தலைவரோட மருமகனுக்குப் பேசறதா முன்னாடியே முடிவாயிடுச்சு. தலைவர் நேர்லயே கேட்டுட்டார். என்னால எப்படி முடியாதுன்னு சொல்ல முடியும்?"

பஸ்ஸில் கொடுத்த வாக்கு அவள் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"பைண்டர் அக்கா சொல்றாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

இந்தப் பெயர் சொல்லும் வழக்கம் அந்தச் சங்கத்துக்கே உரியது. வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் வேட்பாளர்கள் வாயே திறக்கக்கூடாது. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேறொருவர் எழுந்து அவர் பெயரை முன்மொழிந்து, அவருடைய பெருமைகளைச் சொல்லி அமர வேண்டும். அப்படி ஒருவரும் எழவில்லை என்றால் பெயர் விடுபட்டுப் போகும். தனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று தானே கேட்பது படித்தவர்களுக்கு அழகில்லை என்று ஆதியில் யாரோ நினைத்திருக்கிறார்கள். விதிகளில் இது எங்கேயும் கிடையாது. ஆனாலும் யாரும் மீறியதில்லை. பெயர் சொல்ல ஆள் பிடிக்கிறவர் தலைவராகவே இருந்தபடியால், அவருக்குப் பிடித்தவர்களுக்கே பெயர் சொல்ல ஆள் கிடைத்தது.

கூட்டத்தன்று அவள் கொஞ்சம் முன்னதாகவே சங்க மண்டபத்துக்குப் போனாள். மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார்கள், ஓசை வராமல். நூலகர்கள் கூடும் இடத்தில் நாற்காலியும் அடக்கமாகத்தான் விரியும். கைதட்டல்கூட விரல் நுனியோடு சரி.

வாசல் தூணோரம் பைண்டர் அக்கா நின்றிருந்தாள். பிரதான நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுகிறவள். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே சாவியக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நேத்து தலைவர் பைண்டிங் ரூமுக்கு வந்தாருடி. இத்தனை வருஷத்துல அந்தப் படி ஏறாத மனுஷன். 'இந்த வேலையை வெளியில குடுத்துடலாமான்னு ஒரு யோசனை இருக்கு'ன்னார். அவ்வளவுதான். டீ குடிச்சீங்களான்னு கேட்டுட்டுப் போயிட்டார்."

"அதுவே போதுமேக்கா."

"எங்க மூணு பேர் பொழப்பு. நான் ஒருத்தின்னா..." பைண்டர் அக்காவுக்குக் குரல் உடைந்தது. "என்னைத் திட்டிடு. மனசாவது ஆறும்."

"உங்களை எதுக்குத் திட்டணும்? திட்ட வேண்டிய ஆள் உள்ளே மாலை போட்டு உக்காந்திருக்கார். கண்ணைத் தொடைங்க. வந்து பின்னாடி உக்காருங்க."

அவள் முன்வரிசையில் போய், வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் இணைச் செயலாளரான கணவர். நேற்று அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

முதல் வேட்பாளர் பிரதான நூலகத்து மூத்தவர். அவருக்காக எழுந்தவர் பேசியது மூன்றாவது வரிசைக்கே எட்டவில்லை. எட்டாததற்கும் எல்லோரும் விரல்நுனியால் தட்டினார்கள். அடுத்தவர் மருமகன். தலைவரின் அக்கா மகன். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சங்கம் முழுக்க அவனுக்கு அந்தப் பெயர்தான். கணவர் எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவர் அதிகம் பேசமாட்டார். செயல்ல காட்டுவார்..."

"ரெண்டையுமே நாங்க பாத்ததில்லையே!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். கிளை நூலகர்கள் உட்காரும் வரிசை அது. சிரிப்பு புத்தக அடுக்குச் சரிவதுபோல் ஒரு கணம் எழுந்து அடங்கியது. கணவரின் காது சிவந்தது. சட்டென்று முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்றாவதாகத் தலைவர் அவள் பெயரை வாசித்தார். மைக்கை விழுங்கிவிடுவதுபோல வாயருகே வைத்துக்கொண்டு, பஞ்சு மாதிரி ஒரு குரல்.

"இவங்களை முன்மொழியறவர் யாரு?"

ஒருவரும் அசையவில்லை. பின்னால் பைண்டர் அக்கா மூக்கை உறிஞ்சுவது தெளிவாகக் கேட்டது. அவள் மேடையைப் பார்த்தாள். கணவர் தன் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரை ஒருதரம் சுற்றி வைத்தார். பிறகு இன்னொருதரம் சுற்றி வைத்தார். அவர் எழுந்துவிடுவார் என்று, வெட்கமில்லாமல், அந்த இரண்டு சுற்றிலும் அவள் எதிர்பார்த்தாள்.

"யாருமில்லையா? சரி, அப்போ இந்தப் பேரை..."

அவள் எழுந்தாள். இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்துக்கே பாதி மண்டபம் திரும்பியது.

"அம்மா, உட்காருங்க. வேட்பாளர் பேசற வழக்கமில்லை."

"வழக்கம்தானே தலைவரே? சட்டமில்லையே?"

"நம்ம இணைச் செயலாளரோட மனைவி நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா? அவருக்கு எவ்வளவு சங்கடம் பாருங்க."

"அவர் சங்கடத்தை நான் வீட்ல பாத்துக்கறேன். இங்கே நான் கிளை நூலகர்."

தலைவர் மைக்கை அணைத்து மேசைக்கடியில் வைத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். தகரப் பட்டறைக்குப் பக்கத்தில் காலம் தள்ளுகிறவளிடம் போய் மைக்கைப் பிடுங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவள் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"கடைசி நாற்காலிக்குக் கேக்குதா?"

"வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கே கேக்குதுக்கா!"

"அப்போ சரி. என் பேரைச் சொல்ல ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க பொழப்புல கையை வச்சு வாயை அடைச்சுட்டாங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அடைச்சவங்க மேல இருக்கு. அதனால என் பேரை நானே சொல்லிக்கறேன். பெருமை பேசத்தானே இந்த வழக்கம் கூடாதுன்னுது? எனக்குப் பேசப் பெருமை ஒண்ணுமில்ல. கேள்விதான் இருக்கு. சாயங்காலம் கிளைகளுக்கு யாரும் வர்றதில்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே, ஒருத்தராவது வந்து பாத்தீங்களா?"

"புள்ளிவிவரம் இருக்கு," என்றார் தலைவர், மைக் இல்லாமல். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது.

"புள்ளிவிவரம் இருக்குன்னு தலைவர் சொல்றார்," என்று அவளே அதைப் பின்வரிசைக்கும் சேர்த்துச் சொன்னாள். "இருக்கட்டும். அதை எழுதினவங்கள்ல ஒருத்தர் தினமும் சாயங்காலம் எங்க கிளையிலதான் உக்காந்திருக்கார். ஜன்னலோர நாற்காலி. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பேப்பர் படிப்பார். அவரைச் சுத்தி எல்லா நாற்காலியும் நிறைஞ்சிருக்கும். சில நாள் எழுந்து தையல் கடைப் பொண்ணுக்கு இடம்கூட விடுவார், அவ்வளவு நல்ல மனுஷன். ஆனா புத்தகம் எடுக்கிறதில்ல. அதனால நம்ம கணக்குல அவர் வந்ததே இல்ல."

முதலில் பின்வரிசைதான் வெடித்தது. பிறகு நடுவரிசை. விரல்நுனியில் தட்டிப் பழகியவர்கள் உள்ளங்கையால் தட்டினார்கள். அந்தச் சத்தம் அந்தச் சுவர்களுக்கே புதிது. மருமகன்கூடச் சிரித்துவிட்டு, மாமாவைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டான்.

பின்னால் நாற்காலி தேயும் ஓசை கேட்டது. அவள் திரும்பினாள். கணவர் எழுந்து நின்றிருந்தார். தலைவர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது.

"தலைவரே, நான் சொல்றேன். இவங்க பேரை நான்..."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல்! பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது கண் நிறைந்திருக்கும். இவளுக்கும் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவர் எழுந்தது கைதட்டலுக்குப் பிறகு. அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"உக்காருங்க," என்றாள், கோபமில்லாமல். "நான் இன்னும் பேசி முடிக்கல."

அவர் உட்காரவில்லை. தலைவரின் கையை மட்டும் மெல்ல விலக்கிவிட்டு அப்படியே நின்றார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பைண்டர் அக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். மண்டபத்தில் இப்போதிருந்த அமைதி வேறு. பலகை மாட்டிக் கேட்டு வாங்கியது அல்ல அது. வீட்டில், பஸ்ஸில், பூட்டிய கதவருகில், எத்தனையோ தடவை வாய்வரை வந்து திரும்பிய சொற்கள் நாக்கில் நின்றன. இவ்வளவு சின்ன வாக்கியம்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இந்த மண்டபத்துல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நான் கேக்கறேன். எனக்கு ஓட்டுப் போடுங்க."

பிறகு மேடையில் நின்றிருந்த கணவரைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள்.

"நீங்களும்தாங்க."