மலையை உள்ளே தள்ளி நிற்கச் சொன்ன கண்டக்டர்

முதலில் சத்தியம். என் வாயில் இருக்கும் அத்தனை பல்லின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. ஒரே ஒரு சொல் பொய்யென்றாலும் அத்தனை பல்லும் மொத்தமாகக் கழன்று விழட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் எதைப் பணயம் வைப்பான்?

அவர் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் தொழில் அவரை விட்டு இறங்கவில்லை. மிக்ஸி ஓடி நின்றால் "ரைட்" என்பார். டாக்டர் ஊசி போட்டு முடித்தாலும் "ரைட்" என்பார். குளியலறையில் யாராவது தாமதித்தால் கதவைத் தட்டி, "இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்பார். அதனால் தெருவில் அவர் பெயர் 'ரைட்டு'. அவருடைய குரல் சாதாரணக் குரல் அல்ல. "உள்ள போ" என்று அவர் சொன்னால் எதிரே வரும் பஸ்ஸில் நிற்பவர்களும் உள்ளே நகர்வார்கள். ஒருமுறை அவர் விசில் அடிக்க, பக்கத்துத் தண்டவாளத்தில் போன ரயில் நின்றுவிட்டது. கார்டு இறங்கி வந்து, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரே மகள். கடல் தாண்டி, ஒரு மலைநாட்டில், பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை அங்கே அணை கட்டும் எஞ்சினியர். இந்தக் கல்யாணத்தில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. சம்பந்தி ஒரு மாஜி பேங்க் மேனேஜர். உட்கார்ந்திருக்கும்போதுகூட நிமிர்ந்து நிற்பவர் போல இருப்பார். பெண் பார்க்க வந்தபோது, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். ரைட்டின் மனைவி, "போக்குவரத்துல இருக்கார்" என்றாள். சம்பந்தி தானாகவே ஓர் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் ரைட்டை உட்கார வைத்துக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. அன்று முதல் சம்பந்தி வரும்போதெல்லாம் காக்கிச் சட்டையும் தோல்பையும் விசிலும் பரணுக்கு ஏறிவிடும்.

அந்த மலைநாட்டில் பூமி அதிர்ந்தது. பேரனைப் பார்க்கப் போயிருந்த சம்பந்தியும் அங்கேதான் இருந்தார். விஷயம் தெரிந்து ரைட்டும் மனைவியும் மாறி மாறிப் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மகள் வீடியோ காலில் வந்தாள். முகமெல்லாம் புழுதி.

"நாங்க எல்லாரும் உயிரோட இருக்கோம்ப்பா. வீடுதான் இல்ல. ஊரே பள்ளிக்கூட மைதானத்துல உக்காந்திருக்கு. சனிக்கிழமை மழைன்னு சொல்றாங்க. கொழந்தைங்க தலைக்கு மேல பிடிக்க ஒரு தார்ப்பாய் கூட இல்ல. குடிக்கிற தண்ணி சேறா வருது. சர்க்கார் வண்டியெல்லாம் கீழ பெரிய ஊரோட நின்னுடுச்சு. எங்க ஊர் யார் ஞாபகத்துலயும் இல்லப்பா."

"வந்துடும் பாப்பா," என்றார் ரைட்டு.

"எதுப்பா?"

"தார்ப்பாயும் தண்ணி வடிகட்டியும். மழைக்கு முன்னாடி வந்துடும்."

போன் அணைந்ததும் மனைவி அவரையே பார்த்தாள். "எப்படிங்க வரும்?"

"வந்துடும்னு சொல்லிட்டேன்ல."

இத்தனை வருஷ சர்வீஸில் அவர் வரும் என்று சொன்ன ஊர் வராமல் போனதில்லை. ஜன்னலோரம் தூங்குகிற பயணி அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தூங்குகிறான். இப்போது அந்த வார்த்தையை மகளிடம் கொடுத்தாகிவிட்டது. மனிதர் முதல்முறையாக டிரைவர் இல்லாத பஸ்ஸில் ஏறி நின்றார்.

நேராக மைத்துனனின் செல்போன் கடைக்குப் போனார். ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக முடியும். மேலெல்லாம் போன் உறைகள் தொங்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் உயிர் போன போன்கள் மல்லாந்து கிடக்கும்.

"லைவ் போட்டுக் கேக்கலாம் மாமா," என்றான் மைத்துனன். "அந்த நாட்டுத் துறைமுகத்துல தார்ப்பாய் கடை ஒண்ணு இருக்கு. குடுக்கறவங்க காசு நேரா அந்தக் கடைக்கே போற மாதிரி பண்ணிடறேன். நடுவுல நம்ம கை படவே படாது."

ரைட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அன்பார்ந்த பெருமக்களே, இயற்கையின் சீற்றத்தால் இன்னலுற்ற..." என்று ஆரம்பித்தார். பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அவர் மனைவி. இன்னொருவர் மைத்துனனின் இன்னொரு போன். மூன்றாவது ஆள் கை தவறி உள்ளே வந்து, "சாரி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"மாமா, இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கு. யாரும் சாகல, ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான் மனைவி கடை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு மூட்டை. பிரித்தால் காக்கிச் சட்டை, தோல்பை, விசில், மிச்சமிருந்த பழைய டிக்கெட் கட்டு.

"இதைப் போட்டுக்கோங்க. வெள்ளைச் சட்டையில நீங்க யாரோ மாதிரி இருக்கீங்க."

"சம்பந்தி பாத்தா?"

"பாக்கட்டும். அதிகாரியா இருந்து என்ன பண்ணப் போறீங்க? நனையப் போறது நம்ம பொண்ணு."

ரைட்டு சட்டையை மாட்டினார். பொத்தான் போட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. விசிலை ஊதினார்.

"தார்ப்பாய் வண்டி, தண்ணி வண்டி, மலை மேல போற வண்டி. ஏறுறவங்க சட்டுனு ஏறுங்க. நடுவுல எங்கயும் நிக்காது."

ஏறினார்கள். முதலில் தெருக்காரர்கள், பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள், பிறகு எங்கெங்கோ இருந்தவர்கள். பணம் போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழித்து, பேரைப் படித்து, கேமராவுக்கு நேராகப் பிடித்தார். பாதிப் பேர் பணம் போடாமல் வெறும் இதயப் படத்தை மட்டும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரைட்டுக்குக் கண் சிவந்தது.

"அங்க ஹார்ட்டு விட்டுட்டு நிக்கறவங்க யாரு? படியில தொங்காதீங்க. டிக்கெட் எடுத்துட்டு உள்ள வாங்க."

தொங்கியவர்கள் உள்ளே வந்தார்கள். பெரிய முதலாளி ஒருவர் குறுக்கே வந்து, தார்ப்பாய் முழுதும் தானே வாங்கித் தருவதாகவும், ஒவ்வொன்றிலும் தன் படம் போட வேண்டும் என்றும் எழுதினார்.

"பஸ் போர்டுல போற ஊர் பேருதான் சார் எழுதுவோம். பயணி பேரு எழுதறதில்ல. உள்ள எடம் இருக்கு, வந்து நில்லுங்க."

முதலாளி ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நின்றார். பொழுது சாய்வதற்குள் கூட்டம் எங்கே போய் முட்டியதென்றால், கடலுக்கடியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து புகார் வந்தது. அங்கே லைவ் ஓடிக்கொண்டிருந்தபோது ரைட்டு "எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்க" என்றாராம். மாலுமிகள் அத்தனை பேரும் ஒரே பக்கமாக நகர, கப்பல் சாய்ந்துவிட்டதாம். ரைட்டு வருத்தம் தெரிவித்தார். அவர்களும் டிக்கெட் எடுத்தார்கள்.

துறைமுகத்துக் கடை சாமானைக் கட்டியது. லைவ் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்டு லாரி டிரைவர் ஒருவன் தானாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். போனை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டினான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ரைட்டுக்கு அவன் பாஷை தெரியாது. ஆனால் ஒரு விசிலுக்கு நிற்பதும் இரண்டு விசிலுக்குக் கிளம்புவதும் உலகம் முழுவதும் ஒன்றுதான்.

அடிவாரத்தில் ஒரு தடுப்புக் கம்பு. பெரிய தொப்பி போட்ட அதிகாரி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரைட்டு போனுக்குள்ளிருந்து, "வழியில நிக்காதீங்க சார், பின்னாடி ஆள் ஏறணும்" என்றார். அதிகாரி சின்ன வயதில் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவராக இருக்க வேண்டும். சட்டென்று ஓரமாக நகர்ந்து கம்பைத் தானே தூக்கிப் பிடித்தார். லாரி போன பிறகுதான் அவருக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

அதற்கு மேலே பாதையில் மலையே சரிந்து வந்து குறுக்கே உட்கார்ந்திருந்தது. டிரைவர் இறங்கித் தலையில் கை வைத்தான். மைத்துனன், "அவ்வளவுதான் மாமா" என்றான். வெள்ளிக்கிழமை மதியம் அது. திரையின் மேல்மூலையில் மேகம் கறுத்திருந்தது.

ரைட்டு மலையை ஏற இறங்கப் பார்த்தார். வயதான மலை. அதனால் மரியாதையாகவே கேட்டார்.

"பெரியவரே, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. பின்னாடி எவ்வளவு எடம் சும்மா கெடக்குது பாருங்க."

மலை ஒரு முறை கனைத்தது. லாரி நுழையும் அளவுக்கு உள்ளே நகர்ந்து நின்றது. மைத்துனன் இன்றுவரை அதைப் பின்னதிர்வு என்கிறான். அவன் பஸ்ஸில் போகாமல் எப்போதும் ஸ்கூட்டரில் போகிறவன். அவனுக்கு என்ன தெரியும்.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஊருக்கு எதிர்க்கரை வந்தது. நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. பெரிய பாலம் விழுந்துவிட்டது. ஆள் நடக்கிற தொங்குபாலம் ஒன்றுதான் மிச்சம். அதில் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வரப் பார்த்தவர்களும், இங்கிருந்து அங்கே போகப் பார்த்தவர்களும் நடுவில் முட்டிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றார்கள். திரும்ப இடமில்லை. சாமானைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் நுழைய வழியில்லை. முதல் தூறல் போனின் கண்ணாடியில் விழுந்தது.

ரைட்டின் முகம் மலர்ந்தது. "இது என் வண்டி மாப்ளே," என்றார் மைத்துனனிடம். "காலை நேரத்து வண்டி."

நெரிசல் பஸ்ஸில் எந்தக் கண்டக்டரும் பின்பக்கம் போக மாட்டார். காசு கைக்குக் கை முன்னால் வரும், டிக்கெட் கைக்குக் கை பின்னால் போகும். யாரும் நகர வேண்டியதில்லை. கை மட்டும் போதும். டிரைவர் போனை உயரத் தூக்கிப் பிடித்து ஒலியை முழுதாகத் திறந்தான். விசில் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வந்தது.

"யாரும் நகராதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. அப்படியே பாஸ் பண்ணுங்க, பாஸ் பண்ணுங்க."

டிரைவர் முதல் தார்ப்பாய்க் கட்டை எடுத்துப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினான். அவன் அடுத்தவளிடம் நீட்டினான். பாலத்தில் அது தலைகளுக்கு மேலே நீந்திப் போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் வடிகட்டிகள். எதிர்க்கரையில் வரிசை மேட்டில் ஏறி, பள்ளிக்கூட மைதானம் வரை நீண்டது. அங்கே வாங்கி விரித்துக்கொண்டிருந்தாள் மகள். அவளுக்கு முந்திய கை சம்பந்தியுடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, பேங்க் மேனேஜர் ஒரு மூட்டை கூடத் தவறவிடாமல் கைமாற்றிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை கையில் இருந்த போனில் லைவ் ஓடியது; அவனும் அதில் சேர்ந்திருந்ததால் மைதானம் கடைத் திரையிலும் தெரிந்தது. காக்கிச் சட்டை, தோல்பை, விசில். சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். செல்போன் கடையில் மனைவி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும்மா இந்தக் கண்டக்டர்? எங்கயோ பாத்த மொகமா இருக்கு," என்றார் சம்பந்தி மருமகளிடம்.

மகள் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுத்தான் திரும்பினாள். சத்தமாகச் சொன்னாள், மைதானம் முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா. வந்துடும்னு சொன்னார். வந்துடுச்சு."

அப்போது மழை கொட்டியது. கொட்டிய மழை தார்ப்பாயின் மேல் விழுந்தது. கீழே இருந்த குழந்தைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள்.

சம்பந்தி கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையின் போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். "சம்பந்தி, எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சீங்க. இவ்வளவு நேரம் நின்னுட்டே வந்தேன், எனக்கு எங்க?"

ரைட்டு எழுந்து நின்றார். டிக்கெட் கட்டில் கடைசியாக இருந்ததைக் கிழித்து, பின்னால் பேனாவால் ஏதோ எழுதி, கேமராவுக்குக் காட்டினார். 'மரியாதை பாக்கி' என்று இருந்தது.

"சில்லறை இல்ல சம்பந்தி. ஊருக்கு வரும்போது மறக்காம வாங்கிக்கோங்க."

சம்பந்தி ஊருக்கு வந்தபோது வாசலிலேயே நின்று அந்தப் பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ரைட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காக்கிச் சட்டை இப்போது பரணில் இல்லை. கூடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஆணியில் தொங்குகிறது.

சத்தியம் செய்த அந்தப் பற்கள், இதை எழுதும்போது மேஜை மேல் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடக்கின்றன.