ரேடியோ கூடாத மைதானம்

எர்லன்பெக் கால்பந்துக் கழகத்தின் பெரிய மைதானத்துக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்ன மைதானம் இருந்தது. இப்போது அங்கே கார்களை நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இரண்டாம் அணியால் என்ன லாபம் என்று கேட்டுத்தான் அதைக் கலைத்தார்கள். லாபம் பார்க்கவா நாங்கள் அத்தனை வருஷம் மழையில் நின்றோம்?

முதல் அணி ஆடினால் முப்பதாயிரம் பேர் வருவார்கள். இரண்டாம் அணிக்கு வெயிலடித்தால் இருநூறு பேர், மழை பெய்தால் அதில் பாதி. இரண்டாம் அணி என்பது ஒரு ரயில் நிலையம் போல. மேலே போகத் துடிக்கும் பொடியன்கள் இருப்பார்கள். காயம் ஆறியபின் காலைப் பழக்கிக்கொள்ள வரும் பெரிய ஆட்டக்காரர்கள், புதுச் செருப்பு போட்ட மாப்பிள்ளை மாதிரி சேற்றை மிதிக்கக் கூசிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள். எங்கும் போகாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களும் சிலர் உண்டு. எங்களுக்கு அவர்கள்தான் உயிர்.

கோல் காவலன் ஃபோல்க்மர் அந்த ரகம். முப்பத்தொரு வயது. பத்து வருஷமாக இலவு காத்த கிளி. முதல் அணிக்கு ஒரு நிமிஷம்கூட ஆடியதில்லை. அவனுக்கு முன்னால் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் போனால் கழகம் வெளியூரிலிருந்து இன்னொருவனை வாங்கிவந்துவிடும்.

அவன் அப்பா ஏவால்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் தூசியோடு ஓய்வு பெற்றவர். எங்கள் கோலுக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்தபடி நிற்பார். கல்லுளிமங்கன். மகன் எத்தனை பந்தைத் தடுத்தாலும் "ம்" என்பதோடு சரி. ஆனால் விசில் ஊதும்வரை அந்தக் கம்பியை விட்டு ஒரு அடி நகர மாட்டார், ஒன்றுக்குப் போவதற்குக்கூட.

நான் மைதானத்தின் மூலையில் இருந்த ஜன்னல் கடையில் சாசேஜ் சுட்டு விற்றேன். என் கடையை ஒட்டித்தான் வெளியூர் அணியின் பஸ் நிற்கும்.

எங்கள் மைதானத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டாம் அணி ஆடும்போது முதல் அணியின் ஆட்டத்தை ரேடியோவில் கேட்கக் கூடாது. ஒருமுறை எங்கள் பையன் பெனால்டி அடிக்க ஓடிவந்த நேரத்தில், முதல் அணி எங்கோ கோல் போட்டதைக் கேட்டு நாலு பேர் ஓவென்று கத்தினார்கள். பையன் மிரண்டுபோய்ப் பந்தை ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டான். அதிலிருந்து, ரேடியோ கேட்டு மாட்டியவர் அந்த வாரம் இரண்டாம் அணியின் சட்டைகளையெல்லாம் துவைக்க வேண்டும். எங்கள் மண்ணின் சேறு லேசில் போகாது. அதனால் எல்லோரும் ஒழுங்காக இருந்தார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. பயிற்சியில் முதல் அணியின் மாற்றுக் காவலனுக்கு விரல் முறிந்தது. சனிக்கிழமை தெற்கே, ஐந்து மணி நேரப் பயணத்தில் ஆட்டம். வெளியிலிருந்து ஆள் பிடிக்க நேரமில்லை. ஃபோல்க்மரைக் கூப்பிட்டார்கள்.

ரசிகர்களின் பஸ்ஸில் ஏவால்டுக்கு ஒரு இடம் பிடித்துவைத்தோம். அவர் வர மறுத்துவிட்டார்.

"அவன் பெஞ்சுல உக்காரப் போறான். அவன் உக்காருறத வீட்டுலயே தெனம் பாக்குறேன்," என்றார். "இங்க நம்ம ஆட்டம் இருக்குல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் பயந்துகொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. பத்து வருஷம் காத்திருந்துவிட்டு, கடைசியில் மகன் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மட்டும் பார்த்துத் திரும்புவதை அவரால் தாங்க முடியாது.

சனிக்கிழமை இரண்டு ஆட்டமும் மூன்றரைக்குத் தொடங்கின. இங்கே நல்ல மழை. ஃபோல்க்மரின் இடத்தில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டு நின்றான். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம்.

வெளியூர் பஸ் டிரைவருக்கு எங்கள் சட்டமெல்லாம் தெரியாது. கதவைத் திறந்துபோட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். காதுக்குக் கதவு ஏது? நான் பாட்டுக்குச் சாசேஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது, எர்லன்பெக்கின் காவலன் எதிரியின் காலை வாரிவிட்டான், சிவப்பு அட்டை, பெனால்டி என்று ரேடியோ சொன்னது. மாற்றுக் காவலன் இறங்குகிறான், பெயர் என்ன என்று பார்த்துச் சொல்கிறேன் என்றான் வர்ணனையாளன். பத்து வருஷம் ஆடியவனின் பெயரைக் காகிதத்தில் தேடினான், பாவி.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"ஏவால்ட், உம் மகன் எறங்கிட்டான்யா."

அவர் திரும்பவில்லை. "ரோஸ்விதா, சட்டம் தெரியும்ல?"

"சட்டையெல்லாம் நானே தொவைக்கிறேன். பெனால்டி. நீ வா."

அவர் பையனைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னோடு நடந்தார். முட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று, எப்போதும் அவர் பக்கத்தில் நிற்கும் கிஸ்பெர்ட் பின்னாலிருந்து கேலி செய்தான். ஏவால்ட் காதில் வாங்கவில்லை.

பஸ்ஸின் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வர்ணனையாளன் ஃபோல்க்மரின் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் பெயரைச் சொன்ன அந்தக் குரல் அப்படியே வெட்டுப்பட்டது. வடக்கே ஏதோ ஊரில் கோல் விழுந்ததாம், ரேடியோ அங்கே தாவிவிட்டது. சனிக்கிழமை ரேடியோ அப்படித்தான், ஒரு ஊரில் நிலைத்து நிற்காது. டிரைவர் ரேடியோவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதனால் என்ன ஆகிவிடும்? நாங்கள் மூவரும் யாரோ ஒருவனின் கோலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரேடியோ எங்கள் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காவலன் சரியான பக்கம்தான் பாய்ந்தான், விரல்கூடப் பட்டது, ஆனால் பந்து உள்ளே போய்விட்டது என்றான் வர்ணனையாளன்.

எனக்கு ஏவால்டின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"வெரல் பட்டிச்சாம்," என்றார் அவர்.

இன்னும் அரை மணி நேரம் பாக்கி. அவர் படியை விட்டு எழவில்லை. பத்துப் பேரோடு ஆடும் அணியின் கோல் வாசலில் வேலைக்குப் பஞ்சமா? ஒருமுறை மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்தை ஃபோல்க்மர் தட்டிவிட்டான். அப்போது வர்ணனையாளன் காகிதத்தைப் பார்க்காமலே அவன் பெயரைச் சொன்னான். ஏவால்டின் கை தொப்பியைக் கசக்கியது. எங்கள் மைதானத்தில் திடீரென்று பெருங்கூச்சல், பிறகு மறுபடியும் ஒன்று. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துத் தன் அணியைத் திட்டினார். ஏவால்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது கூச்சலுக்குக் காதை ரேடியோப் பக்கம் இன்னும் நெருக்கிவைத்துக்கொண்டார். என் கடையில் சாசேஜெல்லாம் கரியாகிவிட்டன.

அங்கே ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். ஏவால்ட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமே கழகம் வேறொரு காவலனை வாங்கிவிட்டது. ஃபோல்க்மருக்கு அந்த அரை மணி நேரம்தான் முதலும் கடைசியும்.

ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல முற்பகல் பீருக்குக் கழக விடுதியில் கூடியிருந்தோம். ஃபோல்க்மர் வந்தான். ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ரசிகர் பஸ்ஸில் போனவர்கள் தலையால் முட்டிய பந்தை அவன் தட்டிவிட்டதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஏவால்ட் மூலையில் உட்கார்ந்து பீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" கூட இல்லை. ஃபோல்க்மர் எதிரே உட்கார்ந்தான். அப்பாவிடமிருந்து அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று கேட்டான்.

"பொடியன் எப்டிப்பா புடிச்சான் நேத்து?"

"தெரியாது."

"தெரியாதா? மூணுக்கு ரெண்டுன்னு செயிச்சிருக்கோம். கடைசி நிமிஷத்துல ரெண்டு பந்தத் தடுத்தானாமே."

"நான் பாக்கல."

கிஸ்பெர்ட் சும்மா இருக்க மாட்டாமல் வாயைத் திறந்தான். மேஜைக்கடியில் அவன் காலை நன்றாக மிதித்தேன்.

"மைதானத்துக்கு வரலயா நீ?" என்றான் ஃபோல்க்மர். அவன் முகத்தில் கவலை வந்துவிட்டது, அப்பாவின் நெஞ்சுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்தான் போலும். "ஒடம்பு சரியில்லயா?"

"வந்தேன். நல்லாத்தான் இருக்கேன்." ஏவால்ட் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ஒனக்குப் பெனால்டின்னு சொன்னாங்க. அப்புறம் இங்க எவன் என்ன ஆடினான்னு எனக்குத் தெரியாது."

ஃபோல்க்மர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த ஆறடி மனுஷன், எங்கள் எல்லோருக்கும் முன்னால், முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட இல்லாமல் அழுதான்.