தார் பூசிய கை

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புக் கலவரத்துக்காக மூடிக் கிடந்த எங்கள் கல்லூரி மறுபடி திறந்தபோது, பி.ஏ. மாணவர்களுக்கு நான் கட்டுரை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நான் என்றால் பிலோமின்ராஜ், ஆங்கிலத் துறை விரிவுரையாளர், திருச்சி முழுக்கத் தேடினாலும் கிடைக்காத பயந்தாங்கொள்ளி. காவிரிப் பாலத்தில் பஸ் வேகமாகப் போனால்கூட ஸ்ரீரங்கம் வரும்வரை கம்பியை விடமாட்டேன்.

அந்த வகுப்பில் கற்பனைக்கு இடமில்லை. போய்ப் பார், பார்த்ததைக் கதை படிக்கிற மாதிரி எழுது, இதுதான் பாடம். "கூட்டம் கூடியதுன்னு எழுதாதே. எவன் செருப்பு அறுந்துச்சு, எவன் டீயைக் கொட்டினான், அதை எழுது. அப்பத்தான் படிக்கிறவன் நம்புவான்" என்று தினம் கத்துவேன். தேறியவற்றைக் கையெழுத்துப் பத்திரிகையாகச் சேர்த்துத் தைப்போம். ஒரே பிரதி. வகுப்பில் சுற்றிவிட்டு விடுதிக்குப் போகும், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும்.

அந்த மாத இதழில் சவரிராயன் எழுதியிருந்தான். உய்யக்கொண்டான் வாய்க்காலோரத் தபாலாபீஸ் பலகையில் இந்தி எழுத்தின்மேல் ஒரு கை தார் பூசுகிறது. ஆளின் பெயரில்லை, முகமில்லை. மணிக்கட்டில் வழியும் தார், அதைத் துடைக்கப் பயந்து நிற்கும் விரல்கள், அவ்வளவுதான். அசந்துபோனேன். அந்தக் கை யாருடையது என்று அவனைத் தனியாகக் கேட்டேன். சொன்னான். அதே வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் பரக்கத் அலி. அப்போதே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தானே, பாவி!

பத்திரிகை யார் யார் வீட்டுக்கோ போய், கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்தபோது கையில் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். பரக்கத் அலியின் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளிக்கடை ஒன்றில் துணி அளந்துபோடும் அத்தாவுக்கு அவன் ஒரே பிள்ளை. பிடித்துப் போனால் படிப்பு அத்தோடு சரி. உடம்பும் முழுசாகத் திரும்புமா என்று அந்த நாளில் யாரும் சொல்ல முடியாது.

"இதை எழுதினது யாரு?"

சவரிராயன் எழுந்தான்.

"பார்த்து எழுதினியா, கதை விட்டியா?"

"பார்த்துத்தான் சார்."

"ஆளு யாரு?"

"தெரியாது சார். ஆனா அடையாளம் சொல்வேன்."

அவன் நிதானமாகச் சொன்னான். "நாப்பது வயசிருக்கும் சார். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாரு. காக்கி அரைக்கால்சட்டை. புருவத்துல தீக்காயத் தழும்பு. கழுத்துல கறுப்புக் கயிறு."

அத்தனையும் பொய். நான் சொல்லிக்கொடுத்தபடியே, நம்பும்படியான பொய். பயல் பரக்கத் அலியைத் தப்பிக்க வைத்துவிட்டான் என்று எனக்குள் ஒரு துள்ளல்.

கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். "ஐயா, இது நம்ம பிச்சைமுத்துங்க! அரியமங்கலம் பட்டறைல வெல்டிங் வைக்கிறவன். போன மாசம் ஊர்வலத்துலகூட நின்னான்."

"வண்டியை எடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர்கள் வெளியேறினார்கள். சவரிராயன் வெளிறிப்போய் என்னிடம் ஓடிவந்தான். "சார், அப்படி ஒரு ஆளே கிடையாது சார். சும்மா வாய்க்கு வந்ததைச் சேர்த்தேன்."

"இருக்காரேடா" என்றேன்.

ஒன்றுமறியாத ஒரு மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருப்புப் பொறிக்கு முன்னால் குனிந்திருப்பார். இவர்கள் போய்ப் பின்கழுத்தைப் பிடிப்பார்கள். எதற்கென்றே தெரியாமல் அடி வாங்குவார். நான் உண்மையைச் சொன்னால் பரக்கத் அலி. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிச்சைமுத்து. கால்கள் என்னைக் கேட்காமலே வராந்தாவுக்கு ஓடின.

"நில்லுங்க சார்! பையன் சொன்னது பொய். என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லிட்டான். தார் பூசினது நான்தான்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "நீங்களா சார்? சரி, தார் டப்பாவை என்ன பண்ணினீங்க?"

"கோணியில சுத்தி, வாய்க்கால் மதகுக்கு அடியில சொருகினேன்."

சிரிப்பு நின்றது. போலீஸ்காரர்கள் டப்பாவை அங்கேதான் எடுத்திருக்கிறார்கள், வெளியே மூச்சு விடவில்லை. சவரிராயன் அதையும் பார்த்து எழுதித்தான் இருந்தான். கட்டுரை கையோடு முடியட்டும் என்று அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். பத்திரிகையில் அது இல்லை.

"ஏறுங்க" என்றார். 'சார்' போய்விட்டது.

ஏறினேன். வண்டி கிளம்பும் முன்பே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கான்ஸ்டபிள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது பரக்கத் அலி வகுப்பிலிருந்து இறங்கி ஜீப்பை நோக்கி வந்தான். உதடு துடித்தது, ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"உள்ளே போய் உட்காருடா!" என்று கத்தினேன்.

நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். நான் பெரிய வீரன் என்று பிள்ளைகள் பிற்பாடு சொல்லிக்கொண்டார்களாம். அவன் இன்னும் ஓரடி முன்னால் எடுத்து வைத்திருந்தால் நான் இன்னொரு முறை கத்தியிருக்க மாட்டேன். அவ்வளவு பயமாக இருந்தது எனக்கு.