பதினைந்து டிகிரி காற்று

பிரவீனா காப்பியோடு அறைக்குள் நுழைந்ததும் ரூபேந்திரன் மடிக்கணினியை மூடினான். இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

"என்ன பாக்குறீங்க?"

"சும்மா, பந்து விளையாட்டு."

ஜோகூர் மாநிலத்து மாசாய் ஊரில், வீட்டுக்குள் கணவன் மனைவி. பக்கத்திலுள்ள பாசிர் கூடாங் ஆய்வகத்தில் இருவரும் பொறியாளர்கள். புகையை வெளியே விடாத ஒரு மின்நிலையத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. காற்றை அழுத்திச் சூடாக்கிப் பீங்கான் சவ்வின் மேல் செலுத்தினால் ஆக்ஸிஜன் மட்டும் மறுபுறம் வரும். அதில் எரிபொருளை எரித்தால் நீராவியும் கரியமில வாயுவுமே மிஞ்சும். வாயுவைத் தனியே பிடித்து அடைத்துவிடலாம். பிரவீனா உருவாக்கிய கணினி மாடல் அபாரமான முடிவைத் தந்திருந்தது. திங்கட்கிழமை முதலீட்டாளர்கள் முன் அவள்தான் பேசப் போகிறாள். அவளுக்கு முன்பே சேர்ந்தவன் ரூபேந்திரன். இந்தத் திட்டத்தின் பொறுப்பு அவளுக்குப் போனபோது சிரித்துக்கொண்டே வாழ்த்தினான். அந்தச் சிரிப்பின் மேல் இப்போது அவளுக்கு நம்பிக்கை இல்லை.

நேற்று ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் சாந்தினி வேறு கேட்டாள்: "அக்கா, அண்ணன் உங்க மாடல காப்பி எடுத்தாரே, நீங்கதான் குடுத்தீங்களா?"

காப்பியை மேசையில் வைத்தாள். "எதுக்கு என் மாடல எடுத்தீங்க? திங்கக்கிழம எனக்கு முன்னாடி எழுந்து பேசவா?"

ரூபேந்திரனின் முகம் வெளிறியது. மெல்ல மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

"பிரவீனா, நம்ம ஜோகூர்ல எப்பலா பதினஞ்சு டிகிரி குளிர் அடிச்சிச்சு?"

திரையில் அவளுடைய மாடல். உள்ளே வரும் காற்றின் வெப்பம்: பதினைந்து. மென்பொருள் தானாக வைத்திருக்கும் எண். அவள் மாற்றவே இல்லை. இங்கே காற்று முப்பத்திரண்டு டிகிரி, ஈரம் வேறு. அதை அழுத்த மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அபாரமான முடிவு அந்த இடத்திலேயே சரிந்தது.

"ஏன் சொல்லல?"

"அழுத்தத்தக் கொறச்சு, சவ்வுக்கு அந்தப் பக்கம் உறிஞ்சுற பம்ப் வச்சா பாதி நஷ்டத்த மீட்கலாம். அத முடிச்சிட்டுச் சொல்லலாம்னு... நீ ஒடஞ்சிருவியோன்னு பயந்தேன்."

"ஒங்கள திருடன்னு நெனச்சுக்கிட்டு ஒரே மேசையில சோறு தின்னேன். அது ஒடைக்காதா?"

அவள் கைப்பேசியை எடுத்துத் தலைமைப் பொறியாளர் ஜெயபாலனை அழைத்தாள்.

"சார், என் கணக்கு தப்பு. இங்க அடிக்கிற வெயில நான் சேர்க்கல. புது முடிவு கொஞ்சம் கம்மியா வரும், ஆனா உண்மையா இருக்கும்."

மறுமுனையில் ஜெயபாலன், "யாரும்மா கண்டுபிடிச்சது?"

"என் வீட்டுக்காரர்."

"அப்போ திங்கக்கிழம யார் பேசுறது?"

"ரெண்டு பேரும்."

வைத்துவிட்டாள்.

"அலமாக்! என்னைய ஒரு வார்த்த கேக்கலையே!" என்று பதறினான் ரூபேந்திரன்.

"நீங்க என்னைய கேட்டீங்களா?" என்றபடி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.